ரெண்டு ஆறு வளையல்

என் பிரசவம் எப்படி நடந்தது என்று என்னைக் கேட்டால் நேரில் பார்த்தவள் மாதிரி சொல்ல எனக்குத் தெரியாது. வயிற்றைக் கிழித்தது, பிள்ளையை எடுத்தது, தையல் போட்டது எல்லாம் எனக்குத்தான். ஆனால் அன்று காலை அம்மா வீட்டுப் பின்பக்கத்தில் பல் விளக்க உட்கார்ந்ததோடு என் நினைவு நின்றுவிட்டது. அதற்கு அடுத்த நினைவு, ஐ.சி.யூ.வில் யாரோ ஒருத்தி "ஜோதிலட்சுமி, கண்ணைத் தொறந்து பாரு" என்று என் கன்னத்தைத் தட்டியது. நடுவில் நடந்ததை மற்றவர்கள்தான் சொன்னார்கள். அம்மா அழுதுகொண்டே சொன்னாள், பாதி புரியவில்லை. என் வீட்டுக்காரர் விமல் இரண்டே வரியில் முடித்துவிட்டார், மீதியும் புரியவில்லை. எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு, ஒட்டுப்போட்டு, எனக்கென்று ஒரு பிரசவத்தைத் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் வளையலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஏழாம் மாதம் வேப்பம்பட்டில் என் மாமியார் வீட்டில் வளைகாப்பு. நான் பிறந்த ஊர் கவரைப்பேட்டையிலிருந்து உள்ளே தள்ளி. நைனாவுக்குக் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. அம்மா பெயர் சின்னப்பொண்ணு. பெயரில்தான் சின்ன, மற்றபடி தெருவே அவள் சொல்படி நடக்கும். கலவை சாதம் ஐந்து வகை, பூ, பழம், கண்ணாடி வளையல் என்று வேனில் சீர் கொண்டுவந்து இறங்கினாள். வளையல் டப்பாவைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, சைஸ் தப்பு. என் கைக்கு ரெண்டு நாலு. அவள் வாங்கி வந்திருந்தது ரெண்டு ஆறு.

"இன்னாம்மா இது, தோள் வரைக்கும் ஏறிடும் போலக்கீது" என்றேன்.

"லூசாத்தான் இருக்கணும்டி. லூசா இருந்தாத்தான் ஆடும், ஆடுனாத்தான் சத்தம் வரும். உள்ள கீற கொயந்தைக்குக் காது கேக்கற மாசம் இது. அம்மா வர்றான்னு அதுக்குத் தெரியணும் இல்ல?"

கன்னத்தில் சந்தனம் பூசி, வேப்பிலைக் காப்பு கட்டி, இரண்டு கையிலும் பச்சையும் சிவப்புமாக அடுக்கினார்கள். குழந்தை பிறக்கும்வரை கழற்றக் கூடாது. பிறந்த பிறகு அந்த வளையலைப் பிரசவம் பார்த்தவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். இது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கே அம்மா என்னை ஊருக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஊரில் நான் அசைந்தால் போதும், சலங்கை கட்டின மாடு மாதிரி சத்தம். விமல் காக்களூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். உள்ளே போன் கொண்டு போகக் கூடாது, கேட்டிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்து போனைக் கையில் வாங்கியதும் எனக்குத்தான் முதல் கால். சாப்பிட்டியா, தூங்கினியா எல்லாம் அப்புறம். முதலில் ஒன்றுதான் கேட்பார்.

"ஆட்டு."

நான் போன் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் ஆட்டுவேன். அந்தப் பக்கம் பஸ் சத்தத்துக்கு நடுவில் அவர் சிரிப்பது கேட்கும். "இன்னா, உண்டியலைக் குலுக்கறியா?" என்பார். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து வந்த பிள்ளை. அந்த மனிதருக்கு வேறு எப்படிக் கொஞ்சுவதென்று தெரியவில்லை.

மூன்றாவது வாரமோ என்னவோ, ஒரு நாள் ஆட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"ஜோதி, ஆட்டுனியா?"

"ஆட்டுனேனே."

"சத்தமே வரலையே."

அப்போதுதான் கையைப் பார்த்தேன். வளையல் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, தோலுக்குள் புதைந்து நின்றன. விரல்கள் வெண்டைக்காய் மாதிரி இருந்த என் கை, தலையணை உறைக்குள் பஞ்சை அடைத்த மாதிரி ஆகியிருந்தது. காலும் அப்படித்தான். முகத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை, ஏனென்றால் தெருவில் எல்லோரும் அதைப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கை பூரிச்சுப் போச்சாம், உங்க மாமியார் சொல்றாங்க" என்றேன்.

அம்மாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. "ரெண்டு ஆறு வாங்கினேன், அதே டைட்டாப் போச்சு. எங்க ஊட்டுச் சோறு அப்படி" என்று பால் வாங்க வருகிறவர்களிடமெல்லாம் என் கையைத் தூக்கிக் காட்டினாள். வேப்பம்பட்டில் எலும்பும் தோலுமாக இருந்தவளை அவள் தேற்றிவிட்டாளாம். நானும் சேர்ந்து சிரித்தேன். வேப்பம்பட்டில் செக்கப் போனபோதெல்லாம் பி.பி. சரியாகத்தான் இருந்தது. வீக்கம் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் பிரசவத்தோடு வடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வளையல் சத்தம் நின்றுபோனது ஒரு வியாதி என்று யாருக்குத் தெரியும்?

அப்புறம் தலைவலி வந்தது. சாதாரணத் தலைவலி இல்லை, கண்ணுக்குப் பின்னாலிருந்து யாரோ இடிக்கிற மாதிரி. வாசலில் வெயிலைப் பார்த்தால் கண்ணில் பூச்சி பறந்தது. நெஞ்சுக்குக் கீழே வலித்தது. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள், தைலம் தேய்த்தாள். எதற்கும் வலி கேட்கவில்லை என்றதும் அவளுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வளைகாப்பில் யாரோ கண் வைத்துவிட்டார்கள். யார் என்று கூட ஒரு பட்டியல் வைத்திருந்தாள், அதில் முதல் பெயர் என் மாமியாரின் தங்கை.

என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, மிளகாய், உப்பு, தெரு மண் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் எரிந்தது, நெடியே வரவில்லை.

"பாத்தியா? துளி கமறுதா? எம்மாங் கண்ணு பட்டுக்கீது பாரு" என்றாள். அவள் குரலில் பாதி பயம், பாதி வெற்றி. சுற்றிப் போட்டால் அன்றைக்கு வாசல் தாண்டக் கூடாது, வெளி ஆளுக்கு முகம் காட்டக் கூடாது. மறுநாள் சூரியன் வரும்வரை அப்படித்தான். அதுவும் வழக்கம்.

அன்றைக்குத்தான் நர்ஸ் குணசுந்தரி வந்தாள். எங்கள் ஊருக்கும் சுற்றி இருக்கிற ஊர்களுக்கும் அவள்தான் கர்ப்பிணிப் பெண்களைப் பார்த்துக்கொள்கிற கிராம நர்ஸ். ஸ்கூட்டி கேட் அருகே நின்றது எனக்குக் கேட்டது. நான் உள் அறையில் நெற்றியில் ஈரத் துண்டோடு படுத்திருந்தேன்.

"அக்கா, உங்க பொண்ணு வந்துக்கீதாமே. பி.பி. மட்டும் பாத்துட்டுப் போய்டறேன்."

"இன்னிக்கு வேணாம்மா. சுத்திப் போட்டுக்கீறேன். நாளைக்குக் காலைல நானே இட்டாறேன்."

"தலைவலி, கண்ணு மங்கலு, வாந்தி, எதுனா கீதாக்கா?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல. நல்லாக் கீறா. தூங்கறா."

அம்மா பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் அவள் நினைக்கிறாள். நோவு என்று வாயால் சொன்னால் அது வந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் இல்லை என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் நீளம் என்று இரண்டு ஊரிலும் பெயர். மாமியாரிடம் சண்டை, ரேஷன் கடையில் சண்டை, ஷேர் ஆட்டோக்காரரிடம் சண்டை. அன்றைக்கு அந்த வாய் திறக்கவில்லை. எழுந்து உட்கார வேண்டாம் என்றால் போதும், உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம் என்கிற மாதிரி ஒரு வலி. ஸ்கூட்டி கிளம்பிப் போனது.

மறுநாள் காலை பல் விளக்க உட்கார்ந்தேன். வெயில் கண்ணில் குத்தியது. அதோடு சரி. இனி மற்றவர்கள் சொன்னது.

பல்பொடி டப்பா உருண்ட சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தாளாம். நான் தரையில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்தேனாம், வாயில் நுரை, ரத்தம். நைனா வயலிலிருந்து வந்து, வலிப்புக்கு இரும்பு கொடுக்க வேண்டும் என்று என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாராம். பக்கத்து வீட்டுக்காரர் நூற்றெட்டுக்குப் போன் போட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் குணசுந்தரி வந்துவிட்டாள். சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். பி.பி. பார்த்தாள். பார்த்துவிட்டு அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். "நீ ஏன் சொல்லலன்னு அவ கேட்ருந்தாக்கூடப் பரவால்லடி" என்று அம்மா பிறகு ஒரு நாள் சொன்னாள்.

ஆம்புலன்ஸிலேயே ஒரு ஊசி. இன்னொரு வலிப்பு. பக்கத்து ஆஸ்பத்திரியில் நிறுத்தாமல் நேரே திருவள்ளூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நைனா காக்களூர் கம்பெனி கேட்டுக்குப் போன் செய்ய, செக்யூரிட்டி உள்ளே போய் விமலை அழைத்து வந்தார். அவர் கிரீஸ் கையோடு ஓடி, எங்களுக்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். வண்டிக் கதவு திறந்ததும் என் முகத்தைப் பார்த்து, வேறு யாரோ என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டாராம். இதை அவர் பல நாள் கழித்துத்தான் சொன்னார்.

நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையும் வீங்கி, வளையல் வேறு இறுக்கிக்கொண்டு, ஊசி ஏற இடமில்லை. வயிற்றுக்குள் நஞ்சுக்கொடி பிரிந்து ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. குழந்தையின் துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. வளையலை உடைக்க வேண்டும் என்றார் ஒரு நர்ஸ்.

"ஒடைக்காதம்மா, உன் கால்ல விழறேன். தாலி கட்டின பொண்ணு. கொயந்தையும் இன்னும் பொறக்கல" என்று அம்மா என் கைமேல் கவிழ்ந்துகொண்டாளாம். வளையல் உடைப்பது எப்போது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். புருஷன் பக்கத்தில் உயிரோடு நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, நேரம் இல்ல. பிள்ளை போயிடும். இவங்களும் போயிடுவாங்க" என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு நடந்ததை அம்மா என்னிடம் சொன்னதே இல்லை. அதுவும் விமல் பிறகு சொன்னதுதான். அம்மா நிமிர்ந்தாளாம். என் இடது கையைப் பிடித்தாளாம். ஸ்ட்ரெச்சர் கம்பியில் வைத்து, தன் உள்ளங்கையாலேயே வளையலை அமுக்கி உடைத்தாளாம், ஒன்றையும் விடாமல். என் கையில் கீறல் விழாமல் தன் கையை இடையில் கொடுத்திருந்தாள். ரத்தம் யாருடையது என்று கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியவில்லை. என் வலது கையில் சோப்பு போட்டு நர்ஸ் சிலதை உருவி எடுத்தார். உடையாத அந்த வளையல்களை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டு, அதே கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

முதலில் விமல் சொன்ன அந்த இரண்டு வரி இதுதான்: "பொண்ணு. கத்துச்சு, நான் கேட்டேன்."

நான் கண் விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. அந்தப் பயத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. குழந்தை உயிரோடு இருக்கிறது, மேலே பச்சைக் குழந்தை வார்டில் மெஷினில் இருக்கிறது என்று சொன்னார்கள். நான் நம்பவில்லை. விமல் போனில் படம் காட்டினார். ட்யூபும் டேப்பும்தான் தெரிந்தன, நடுவில் எங்கேயோ என் மகள். ஒரு கிலோ கூட இல்லை.

வீல் சேரில் என்னைக் கொண்டுபோன முதல் நாளே வாசலில் சண்டை. அந்த வார்டுக்கு ஷைனி என்று ஒரு சிஸ்டர், நாகர்கோவில் பக்கம். குட்டை உருவம், கண்ணாடி, சிரிப்பு என்பதே கிடையாது.

"வளையல், மோதிரம், வாட்ச், கயிறு ஒண்ணும் உள்ள வரப்பிடாது. முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவணும். நகம் பாக்கட்டும்."

விமலின் கையில் என் மாமியார் கட்டிய சாமி கயிறு இருந்தது. "கோயில் கயிறு சிஸ்டர்" என்றார். "சாமி வெளிய நிப்பாரு, கோவிச்சுக்க மாட்டாரு" என்று கத்திரிக்கோலால் வெட்டிக் கையில் கொடுத்துவிட்டார். வாட்சோடு உள்ளே வந்த பெரிய டாக்டர் ஒருவரையே திருப்பி அனுப்பியதை நான் கண்ணால் பார்த்தேன். வாய்க்கு வாய் என்னை ஜெயிக்க ஒருத்தி வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அவளை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியில் 'ஜோதிலட்சுமியின் பெண் குழந்தை' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அவளுக்கென்று வேறு பெயர் இல்லை. கைவிரல் ஒவ்வொன்றும் தீக்குச்சி அளவு, ஆனால் நகம் இருந்தது. விமலின் நெற்றி. என் மூக்கு, பாவம். ஒரு சின்ன ஓட்டை வழியாக ஒற்றை விரலை விட்டுத் தொட வைத்தார்கள். என் கை அதற்குள் வீக்கம் வடிந்து பழைய கையாகிவிட்டிருந்தது. எலும்பு தெரிந்தது. மொட்டையாக இருந்தது.

"சிஸ்டர், இவளுக்கு என் வளையல் சத்தம் தெரியும். மூணு வாரம் கேட்டிருக்கா. அப்புறம்தான் நின்னு போச்சு. உடையாத வளையல் அம்மாகிட்ட கீது. கழுவிட்டு ஒரே ஒரு தடவை ஆட்டிக் காட்டட்டுமா?"

"கண்ணாடி வளையலுக்கு இடையிலதான் கிருமி எல்லாம் குடியிருக்கும். ஒரு கிருமி போதும் மக்கா, இந்தப் பிள்ள தாங்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ, டஜன் கணக்கா போட்டுக்க. இப்ப வாயால பேசு, போதும்."

பேசினேன். கொஞ்சத் தெரியாததால் ஊர் வம்புதான் பேசினேன். உன் அப்பா போனில் உண்டியல் என்கிறார், கவரைப்பேட்டைப் பாட்டி ஐந்து வகை சாதத்தில் ஒன்றில் உப்பு போட மறந்துவிட்டாள், உன் அப்பாவின் சித்தி கண் வைத்துவிட்டாளாம், பட்டியலில் முதல் பெயர் அவள்தான் என்று. ஷைனி சிஸ்டர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், தோள் குலுங்கியது. அன்றைக்கு இரண்டு சொட்டுப் பால் ட்யூப் வழியாக உள்ளே போனது. ரெண்டு சொட்டுக்கு நான் அழுத அழுகை கொஞ்ச நஞ்சமில்லை.

அம்மாவுக்கு உள்ளே அனுமதி இல்லை. வராந்தாவில் பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கையில் கட்டு. வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் ஒரே கதை. "கண்ணு பட்டுடுச்சும்மா. வளைகாப்பு அன்னிக்கி எவளோ பாத்துட்டா. மொளகா போட்டேன், துளி நெடி வரல."

அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிந்தது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் தயாராக நின்றது. 'எவ கண்ணும் படலம்மா. குணசுந்தரி கண்ணுல நீ என்னைப் பட வுடல, அதான்.' நல்ல வாக்கியம். ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், அம்மா அதற்கப்புறம் தலை நிமிர மாட்டாள். பலமுறை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் அவள் அந்தக் கட்டுப் போட்ட கையால் எனக்கு ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருப்பாள். குடித்துவிட்டுப் போய்விடுவேன். பிள்ளை வீட்டுக்கு வரட்டும், ஒரு நாள் உட்கார்ந்து சாவகாசமாகச் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

நாலைந்து நாள் அப்படிப் போனது. மூச்சு மெஷினைக் குறைக்கலாமா என்று கூடப் பேசினார்கள். அப்புறம் ஒரு காலையில் உள்ளே போனபோது அவள் நிறம் மாறியிருந்தது. தலைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். கிருமியும் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். டாக்டர் நிதானமாக, எனக்குப் புரிகிற மாதிரி, பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். மருந்து மாற்றியிருக்கிறோம், பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்கிற வார்த்தையை இறுகப் பிடித்துக்கொண்டு நான் பால் எடுக்கப் போனேன். அம்மாவிடம் நானும் சொல்லவில்லை, விமலும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

மறுநாள் பத்து மணி வெயில் வராந்தாவில் விழுந்திருந்தது. ஷைனி சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். அவர் வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை, உள்ளேயிருந்து கூப்பிடுவதுதான் வழக்கம். நேராக என்னிடம் வந்தார்.

"ஜோதி, அந்த வளையல் கைவசம் இருக்கா?"

"அம்மாகிட்ட கீது சிஸ்டர்."

"போட்டுக்கிட்டு வா. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா."

"கழுவிட்டா?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேண்டாம் மக்கா. அப்படியே வா" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் உட்கார்ந்து சொன்னபோது புரியாதது, ஸ்கேன் படத்தைக் காட்டியபோது புரியாதது, அந்த 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லில் புரிந்துவிட்டது. அந்த வார்டில் சோப்பு வேண்டாம் என்று ஷைனி சிஸ்டர் ஒருத்தரிடம் சொன்னால், இனிமேல் கிருமி வந்தால் என்ன வராவிட்டால் என்ன என்றுதான் அர்த்தம்.

அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பாயிலிருந்து துள்ளி எழுந்தாள். அவள் முகத்தை நான் எப்படிச் சொல்வேன், வளைகாப்பு அன்றைக்கு வேனிலிருந்து இறங்கியபோது இருந்த முகம்.

"இன்னாடி, வளையலு போட வுட்டுட்டாங்களா? கொயந்தைக்கு நல்லாயிடுச்சா! நான் சொல்லல? நேத்து நம்ம அம்மனுக்கு மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்சேன். ஒரே ராத்திரியில பாத்தியா?" முந்தானை முடிச்சைக் கட்டுப் போட்ட கையால் அவிழ்க்க முடியவில்லை. பல்லால் அவிழ்த்தாள். "குடு கைய. குடுடி."

பச்சையும் சிவப்புமாக ஒவ்வொன்றாக என் கையில் ஏற்றினாள். என் கை பழைய ரெண்டு நாலு கை. ரெண்டு ஆறு வளையல் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு ஏறியது. "பாத்தியா, லூசாக்கீது. நல்லா ஆடும். இப்பக் கேக்கும் அதுக்கு" என்றாள். பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாளிடம் திரும்பி, "எம் பேத்திக்கு நல்லாயிடுச்சும்மா. வளையலு போட்டுக்கினு வரச் சொல்லிட்டாங்க" என்றாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு வாய் நீளம். அந்த வாக்கியம் நாக்கில்தான் இருந்தது, வேறொன்றும் சேர்ந்துகொண்டது. 'ரெண்டாவது தடவையும் தப்பாப் புரிஞ்சிக்கிறியேம்மா.' கொஞ்ச நேரம்தானே, யாராவது ஒருத்தர் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே ட்யூப் எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள், மூச்சுக்கு ஒன்றைத் தவிர. முதல் தடவையாக அவள் முகத்தை முழுசாகப் பார்த்தேன். துணியில் சுற்றி என் மார்பில் வைத்தார்கள். எடையே இல்லை. மெஷின் ஒன்று விடாமல் கூவிக்கொண்டிருந்தது. ஷைனி சிஸ்டர் அதன் சத்தத்தை நிறுத்தினார். வார்டு அமைதியானது.

எனக்குக் கை வரவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். விமல் என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். போனில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"ஆட்டு."

ஆட்டினேன். அவள் காதுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் மெதுவாக ஆட்டினேன். ரெண்டு ஆறு நன்றாகவே சத்தம் போட்டது. அம்மா சரியான சைஸ்தான் வாங்கியிருந்தாள். மகளின் நெற்றி ஒரு தடவை சுருங்கியது. நான் பார்த்தேன், விமலும் பார்த்தார். டாக்டர் என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லட்டும், நாங்கள் பார்த்தோம். ஆட்டிக்கொண்டே இருந்தேன். கை கடுத்தது, மாற்றிப் பிடித்து ஆட்டினேன். எப்போது போனாள் என்று எனக்குத் தெரியாது. பிறந்ததும் எனக்குத் தெரியாது, போனதும் தெரியாது. ஷைனி சிஸ்டர் வந்து என் மணிக்கட்டை, வளையலோடு சேர்த்து, இறுகப் பிடித்துக்கொண்டபோதுதான் நிறுத்தினேன்.

வளையலைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். "எங்க வழக்கம் சிஸ்டர். பிரசவம் பாத்தவங்களுக்குக் குடுக்கணும். எனக்கு வேற யாரையும் தெரியாது" என்றேன். அவர் வாங்கிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். அம்மா கதவை ஒட்டியே நின்றிருந்தாள், காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தாள். மொட்டைக் கையைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த விமலைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சந்தோஷம் எப்படிப் போயிற்று என்று நான் சொல்லப்போவதில்லை. அவள் கத்தவில்லை. கண்ணு பட்டுடுச்சு என்று சொல்லவில்லை. கட்டுப் போட்ட கையால் என் மணிக்கட்டைத் தடவினாள், வளையல் இருந்த இடத்தை.

"கேட்டுச்சாடி அதுக்கு?" என்றாள்.

"கேட்டுச்சும்மா" என்றேன்.